ஒன்றரைக்கும் மூன்றுக்கும் நடுவில்

சின்னவளின் அண்ணனும் வீட்டுக்காரரும் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு வாளி மணல். மற்ற வீடுகளில் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் மனஸ்தாபம் என்றால் அதில் நிலம் இருக்கும், நகை இருக்கும், எதுவுமே இல்லாவிட்டாலும் யாராவது யாரையாவது வாங்க என்று சொல்லாமல் விட்டிருப்பார்கள். இங்கே அப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. மணல்தான்.

அண்ணனுக்குக் கடைசல் பட்டறையில் வேலை. இரும்பை லேத்தில் பிடித்து மயிரிழை கூடாமல் குறையாமல் சீவி எடுப்பவர். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "அளவு அமையல" என்பார். தங்கை வீட்டு மாடி அறையில் படுக்கை, கீழே சாப்பாடு. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் வயர்மேன். லிப்ட் பாதியில் நின்றாலும், அறுவை சிகிச்சை அறையில் விளக்கு கண் சிமிட்டினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் அவசரப்படாமல் போவார். இந்த இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. பழைய கார் என்றால் இருவருக்கும் புத்தி வேலை செய்யாது.

அப்படி வந்து சேர்ந்ததுதான் அந்தக் கார். யாரோ ஒருவரின் கொல்லையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டி. இருவரும் சேர்ந்து வாங்கி, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். "வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டீங்க" என்றாள் சின்னவள். அதோடு அவள் சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. அதன் பிறகு அந்தக் கார் விஷயத்தில் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கம்பெனி கொடுத்த இஞ்சின் அதற்குப் போதாது என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். உடைசலுக்குப் போன சரக்கு வேன் ஒன்றிலிருந்து பெரிய இஞ்சினை எடுத்து உள்ளே உட்கார வைத்தார்கள். பெரிய இஞ்சினுக்குச் சின்ன வாய் எப்படிப் போதும்? அதன் தலையில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருகிற இரட்டை வாய் கார்புரேட்டர் ஒன்றை ஏற்றினார்கள். அதற்கு ஊட்ட பழைய பம்ப் போதாது. ஆகவே பின்னால் பெட்ரோல் டேங்க் பக்கத்தில் மின்சாரப் பம்ப். பம்பும் வயரும் வீட்டுக்காரர் பொறுப்பு. இஞ்சினும் கார்புரேட்டரும் அண்ணன் பொறுப்பு. இப்படியாக, பின் பாதி மாப்பிள்ளைக்கு, முன் பாதி மச்சானுக்கு என்று பத்திரம் எழுதாமலே பாகப்பிரிவினை ஆகிவிட்டது.

முதன்முதலாகச் சாவியைத் திருப்பிய அன்று இஞ்சின் இருமியது. கார்புரேட்டர் வாய் வழியாக நெருப்பு எட்டிப் பார்த்தது. அண்ணன் நிதானமாக, "விடாம ஸ்டார்ட் அடிங்க, அதுவே உள்ள இழுத்துக்கும்" என்றார். கடைசல்காரர் சொன்னது சரிதான். இஞ்சின் சுற்றினால் நெருப்பை உள்ளே இழுத்து அணைத்துவிடும். ஆனால் வயர்மேனுக்கு நெருப்பு என்றால் மணல் என்று பாடம். மூலையில் இருந்த வாளியைத் தூக்கி, கார்புரேட்டரின் இரண்டு வாயிலும் நிறையும்படி கொட்டினார். நெருப்பு அணைந்தது. அண்ணன் இரவு பகலாகத் துடைத்து, ஊதி, ஊசிமுனையால் துழாவிச் சுத்தம் செய்து வைத்திருந்த கார்புரேட்டர் அது.

மச்சானின் கட்சி, தானாக அணையப்போகிற நெருப்பின் மேல் மணலைக் கொட்டினார் என்பது. மாப்பிள்ளையின் கட்சி, வீட்டைக் காப்பாற்றினேன் என்பது. இரண்டு கட்சியும் ஒருமுறைதான் வாய்விட்டுச் சொல்லப்பட்டன. பிறகு பேச்சே இல்லை.

ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். உப்பு வேண்டுமென்றால் அண்ணன் தங்கையைப் பார்த்து, அந்தப் பக்கம் உப்பு இருக்கிறதா கேள் என்பார். உப்பு வீட்டுக்காரரின் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்து, இருக்கிறது என்று சொல் என்பார். சின்னவள் எழுந்து போய் உப்பை எடுத்து இந்தப் பக்கம் வைப்பாள். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அவள் அதை யாரிடமும் சொல்லி அழவில்லை. வீட்டில் சொல்லி அழுவதற்கு இருந்தவர்களும் அந்த இரண்டு பேர்தான்.

சின்னவளுக்குச் சலவைக் கடையில் வேன் ஓட்டும் வேலை. ஓட்டல்களிலிருந்து அழுக்குப் படுக்கை விரிப்புகளை அள்ளி வருவாள், வெளுத்துத் தேய்த்ததைக் கொண்டு போய் இறக்குவாள். ஏற்றின கணக்கும் இறக்கின கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிலில் உள்ள ஒரே வேதம். வீட்டுத் தூதையும் அவள் முதலில் அப்படித்தான் நடத்தினாள். "கண்ணு இருக்கறவன் செய்யற வேலையா இது" என்று அண்ணன் முன்னால் ஏற்றினால், பின்னால் அதே சொற்களை இறக்கினாள். "இரும்பைத் தேச்சுத் தேச்சு மூளையும் தேஞ்சுபோச்சான்னு கேளு" என்று இவர் ஏற்றினால், அங்கே போய் அதையும் இறக்கினாள். சரக்கு சேதமில்லாமல் போய்ச் சேர்ந்ததில் பிரச்சினை கூடியதே தவிரக் குறையவில்லை.

பேசிக்கொள்ளாவிட்டாலும் காரை இருவரும் விடவில்லை. அண்ணன் மணலை ஒவ்வொரு பொடியாக எடுத்து முடித்தார். அடுத்தது பெட்ரோல் அழுத்தத்தைச் சரிசெய்வது. கார்புரேட்டர் கைக்குழந்தை மாதிரி. அளவாகக் கொடுத்தால் குடிக்கும், திணித்தால் கக்கிவிடும். இதற்கு மூன்று பவுண்டு அழுத்தம் போதும். வீட்டுக்காரரின் பம்போ ஏழு பவுண்டு தள்ளுகிற ராட்சசன். ஏழை மூன்றாக்க நடுவில் ரெகுலேட்டர் என்று ஒரு உருண்டை, அதன் தலையில் அண்ணன் கடைந்து போட்ட ஒரு திருகு. உள்ளே திருகினால் அழுத்தம் ஏறும், வெளியே திருகினால் இறங்கும். பக்கத்திலேயே ஒரு சின்ன கேஜ். முள் ஆடாமல் நிற்பதற்காக உள்ளே எண்ணெய் மாதிரி ஒன்றை நிரப்பி, கண்ணாடி போட்டு அடைத்து விற்கிற வகை.

இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இதைச் செய்ய முடியும். ஒருவர் முன்னால் நின்று முள்ளைப் பார்த்துத் திருக வேண்டும், ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை ஒரே நிலையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். முன் பாதி அண்ணனுடையது, ஆகவே திருகு அவர் கையில். பம்ப் சுவிட்ச் வீட்டுக்காரருடையது, ஆகவே சீட்டில் அவர். நடுவில் பானெட் சுவர் மாதிரி நின்றது. இவருக்கு முள் தெரியாது, அவருக்கு இவர் கால் தெரியாது. பானெட்டுக்கும் டிரைவர் ஜன்னலுக்கும் நடுவே நடப்பதற்குத்தான் சின்னவள் இருந்தாளே.

வேலை வாரக்கணக்கில் நடந்தது. நடந்த விதம் எப்போதும் ஒன்றுதான். காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அண்ணன் மூன்றில் வைப்பார். இஞ்சின் அழகாக ஓடும். சூடேற ஏற முள் இறங்கும். இரண்டரை, இரண்டு, ஒன்றரை. "அவரு பம்ப் சூடானா சோர்ந்து போகுதுன்னு சொல்லு" என்பார். அவள் போய்ச் சொல்வாள். திருகு நிற்கவில்லை, லேத்தில் கடைந்தவர் மரையைச் சரியாகக் கடையவில்லை என்று பதில் வரும். அவள் வந்து சொல்வாள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, முள் மறுபடி மூன்றுக்கு வரும்வரை திருகை உள்ளே முறுக்குவார். அவ்வளவுதான், இஞ்சின் கரும்புகை கக்கும், தடுமாறும், பெட்ரோலில் குளித்து நின்றுவிடும். அன்றைய வேலை முடிந்தது.

மறுநாள் குளிர்ந்த இஞ்சினில் பம்பைப் போட்டுப் பார்த்தால் முள் ஐந்தைத் தொட்டு நிற்கும். இதுதான் விசேஷம். நேற்று மூன்றில் வைத்த முள் ஐந்துக்கு எப்படிப் போயிற்று? மாப்பிள்ளை திருட்டுத்தனமாக வந்து திருகைத் தொட்டிருக்கிறார் என்று அண்ணன் தீர்மானித்தார். பம்பின் மானத்தை வாங்குவதற்காக மச்சானே திருகி வைத்துவிட்டுப் பழி போடுகிறார் என்று வீட்டுக்காரர் தீர்மானித்தார். அண்ணன் ஷெட்டுக்கு ஒரு பூட்டுப் போட்டார். வீட்டுக்காரர் அதன் மேல் இன்னொரு பூட்டுப் போட்டார். இருவரிடமும் சாவி வாங்கித் திறப்பது சின்னவளின் வேலையானது. இரண்டு பூட்டுக்குள்ளும் முள் ஐந்துக்குத்தான் போய் நின்றது. அண்ணன் கடைசல்காரர், மாற்றுச்சாவி செய்ய எவ்வளவு நேரம் என்று இவர் நினைத்தார். மாப்பிள்ளை வயர்மேன், கம்பியை நுழைத்தே திறந்துவிடுவார் என்று அவர் நினைத்தார். கார் மேல் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. கேஜ் மேல் அறவே வரவில்லை. கேஜ்தான் புதுசாயிற்றே.

இதற்கு நடுவில் சின்னவள் சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க ஆரம்பித்திருந்தாள். முதலில் வசவை மட்டும் வழியில் இறக்கிவிட்டாள். "அந்த மேதாவிகிட்டச் சொல்லு" என்பது ஜன்னலுக்கு வரும்போது "அண்ணன் சொல்றாரு" என்று ஆகியிருக்கும். பிறகு அங்கங்கே ஒரு "தயவுசெஞ்சு" சேர்த்தாள். எதிர்ப்பக்கம் கொஞ்சம் மெத்தென்று ஆகிவிட்டதாக இருவருக்கும் தோன்றியது. பெரிய மழை பெய்த ஒரு நாள், வேலை செய்ய முடியாமல் அண்ணன் மாடியில் படுத்திருக்க, வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு என்னவோ மாதிரி இருந்தது. "மணலைப் பத்தி நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலன்னு அண்ணன் சொன்னாரு" என்றாள். அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் "சரி" என்றார். அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார்.

இவ்வளவுக்கும் அவள் எண்களைத் தொட்டதில்லை. எண் என்பது விரிப்புக் கணக்கு மாதிரி, அதில் கைவைக்கக் கூடாது.

அந்த வாரம் ஓட்டல் ஒன்று விரிப்புகளைத் திருப்பி அனுப்பியது. பெட்ரோல் நாற்றம் அடிக்கிறதாம். படுத்தவர் ஒருவர் பயந்துபோய் சிகரெட்டைக்கூடப் பற்ற வைக்கவில்லையாம். சலவைக் கடைக்காரர் வேனை மோந்து பார்த்தார், வேனில் இல்லை. அவளை மோந்து பார்க்க முடியாமல் சற்றுத் தள்ளி நின்று மூச்சை இழுத்தார். அதன் பிறகு, கோபப்படாமல், ஓட்டல் வழியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவையைக் கொடுத்தார். அங்கே துணியில் ஏற்கெனவே எல்லா வாசனையும் இருக்கும், இது ஒன்று கூடினால் தெரியாது என்பது அவர் கணக்கு. அவள் வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தாள், இரண்டாம் முறையும் குளித்தாள், துவட்டிய துண்டை மோந்தாள். பெட்ரோல்.

மறுநாள் ஞாயிறு. இரண்டு சாவியும் வாங்கி ஷெட்டைத் திறந்தாள். முள் ஐந்து. அண்ணன் பெருமூச்சு விட்டு மூன்றுக்கு இறக்கினார். வீட்டுக்காரர் ஆக்சிலேட்டரில் கால் வைத்தார். இஞ்சின் ஓடியது. சூடேறியது. முள் வழக்கம்போல இறங்கியது.

"ஒன்றரைக்கு வந்துட்டான்" என்றார் அண்ணன், ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு. "பம்ப் செத்துப்போச்சு, நான் ஏத்தறேன்னு போய்ச் சொல்லு."

அவள் நடந்தாள். பானெட்டிலிருந்து ஜன்னலுக்கு நான்கு எட்டுதான் இருக்கும். இஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. வேன் ஓட்டுகிறவளுக்கு அது காதில் விழாமல் இல்லை. ஆனால் அடுத்துச் செய்ததை அதற்காகத்தான் செய்தாள் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அவளுக்கு நாக்கு மரத்துப் போயிருந்தது. இப்போது ஏற்றுவார், கரும்புகை வரும், நின்றுபோகும், நாளைக்கு மறுபடி இரண்டு சாவி. அவள் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தாள்.

"எவ்வளவாம்?"

"மூணு."

வீட்டுக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "சூடேறின பிறகுமா? மூணா?"

"மூணேதான். பம்ப் நல்ல பம்ப்னு சொல்லச் சொன்னாரு."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. காது மட்டும் சிவந்தது. "அப்ப இனிமே திருகைத் தொட வேணாம்னு சொல்லு. தயவுசெஞ்சுன்னு சேத்துக்க."

முதன்முறையாக அவர் தாமாகத் தந்த தயவு. அதை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போனாள். அண்ணனின் ஸ்க்ரூடிரைவர் திருகின் தலையில் உட்கார்ந்துவிட்டது.

"திருகைத் தொட வேணாமாம். ஒன்றரையே இருக்கட்டுமாம். ஏதாச்சும் ஆனா அவரு பொறுப்பாம்."

"அவரா சொன்னாரு?"

"தயவுசெஞ்சுன்னும் சொன்னாரு."

அண்ணன் பானெட்டைப் பார்த்தார். அதற்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். கார்புரேட்டருக்கு ஒன்றரை பவுண்டு போதாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு மனுஷன் துணிந்து பொறுப்பு ஏற்கிறேன் என்று சொல்லும்போது அதைத் தட்டிக்கழிப்பது அழகில்லை. அதோடு, வண்டி நடுவழியில் நின்றால் அது இந்த ஒரே காரணத்தால்தான் என்று வரும் தலைமுறைக்கும் சொல்லிக்கொள்ளலாம். ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பையில் வைத்தார். பானெட்டை இறக்கினார். வண்டியை வெளியே எடுத்துப் பார்க்கலாமா என்று தங்கையிடம் கேட்டார். அவள் போய்க் கேட்டாள். பார்க்கலாமாம்.

வீட்டுக்காரர் ஓட்டினார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். சின்னவள் பின்னால் நடுவில், இரண்டு பேர் தலைக்கும் இடையே முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். அதுதான் அவள் வழக்கமான இடம். தெருமுனை தாண்டியது. கடைத்தெரு தாண்டியது. கார் ஒருமுறைகூட இருமவில்லை. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போகிற சாலையில் வீட்டுக்காரர் திருப்பினார். அந்த ஏற்றத்தில் பாதிக் கார்கள் மூச்சு வாங்கும். அடுத்த தெருவில் ஒருவர் புதுக்கார் வாங்கி அந்த மேட்டில் நின்றுபோய், ஆள் வைத்துத் தள்ளியிருக்கிறார்.

இவர்கள் கார் ஏறியது. சும்மா ஏறவில்லை, இழுத்துக்கொண்டு ஏறியது. அண்ணன் முதலில் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு விட்டுவிட்டார். இந்த அழுத்தத்தில் இது நடக்கக் கூடாது என்று அவருடைய அறிவு சொன்னது, நடக்கிறது என்று அவருடைய முதுகு சொன்னது. பாதி மேட்டில் அவரால் அடக்க முடியவில்லை. கண்ணாடியைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் சொன்னார்.

"ஒன்றரையில இப்படி இழுக்குதே."

"எது ஒன்றரை?" என்று வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைக் கேட்டார்.

"பிரஷர்தான்."

"மூணுன்னு சொன்னீங்களே."

"நான் எங்க மூணுன்னு சொன்னேன்? ஒன்றரைன்னு சொன்னேன். ஒன்றரையே இருக்கட்டும், நான் பொறுப்புன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நானா?"

பேசிவிட்டோம் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள் சின்னவள்.

மேட்டின் உச்சியில், தொட்டிக்குக் கீழே வண்டியை நிறுத்தினார்கள். ஆளையே தூக்கிக்கொண்டு போகிற காற்று. அண்ணன் பானெட்டைத் தூக்கினார். வீட்டுக்காரர் இஞ்சினை அணைத்துவிட்டுப் பம்பை மட்டும் ஓடவிட்டார். பாருங்கள் மாப்பிள்ளை என்று மச்சான் முள்ளைக் காட்டினார். ஒன்றரை. மாப்பிள்ளை குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். ஒன்றரைதான். கையும் களவுமாகப் பிடிபட்டவளை இருவரும் காருக்கு வெளியே வரச் சொன்னார்கள்.

விசாரணை நடந்தது. வேறு என்னென்ன சொன்னாள் என்று ஒவ்வொன்றாக எடுத்தார்கள். வயரிங் பழுதில்லை என்று அண்ணன் பாராட்டியதாக அவள் ஒருமுறை சொல்லியிருந்தாள். அண்ணன் பாராட்டவில்லை. மரையை இப்படிக் கடைய வேறு ஆள் கிடையாது என்று வீட்டுக்காரர் சொன்னதாகச் சொல்லியிருந்தாள். அவர் சொன்னது, இப்படியும் ஒரு ஆள் மரை கடைவானா என்பது. தயவுகளில், கடைசி ஒன்றைத் தவிர, அத்தனையும் போலி. இருவரும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இஞ்சினைப் பார்த்தார்கள். சின்னவள் கையைக் கட்டிக்கொண்டு காற்றில் நின்றாள். தலைமயிர் முகத்தில் அடித்தது. இன்னும் பெட்ரோல் வாசனை.

அப்போது வீட்டுக்காரர், குரலைத் தாழ்த்தி, "மணல் விஷயம்?" என்றார்.

"என்ன மணல் விஷயம்?"

"மனசுல ஒண்ணும் வெச்சுக்கலன்னு சொன்னீங்களாம். அதுவும் இவ கட்டினதுதானா?"

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"எப்ப சொன்னா?"

"மழை பெஞ்ச அன்னைக்கு."

அண்ணன் கார்புரேட்டரின் இரண்டு வாயையும் ஒரு துணியால் துடைத்தார். அங்கே துடைக்க ஒன்றும் இல்லை. வெகுநேரம் துடைத்தார்.

"சொல்லியிருப்பேன்" என்றார்.

வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். பிறகு இருவரும், பேச்சை மாற்ற வேண்டும் என்பதற்காகவே, மறுபடி முள்ளைப் பார்த்தார்கள். முள் இரண்டரையில் நின்றுகொண்டிருந்தது.

யாரும் திருகைத் தொடவில்லை. ஸ்க்ரூடிரைவர் அண்ணன் பையில் இருந்தது. பின்னால் பம்ப் தன்பாட்டுக்கு டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் தொட்டீர்களா, நீங்கள் தொட்டீர்களா என்று கேட்கவும் வழியில்லை, இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காவல் காத்தார்கள். காற்று அடித்தது. இஞ்சின் ஆறியது. முள் அரும்புகிற மாதிரி மெல்ல மெல்ல நகர்ந்து மூன்றில் போய் நின்றது.

"சூட்டுல கேஜ்தான் பொய் சொல்லுது" என்றார் வீட்டுக்காரர்.

அண்ணன் கேஜைத் தொட்டுப் பார்த்தார். அதன் உச்சந்தலையில் மிளகு அளவில் ஒரு ரப்பர் அடைப்பு இருந்தது. அடைத்து வைத்த பாத்திரம் சூடானால் உள்ளே இருப்பது விரியும், விரிந்தால் முள்ளைப் பிடித்து அமுக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல, வீட்டுக்காரர் முந்திக்கொண்டு மீதியைச் சொன்னார். அப்படியானால் சூட்டில் குறைவாகக் காட்டியதை நம்பி ஏற்றினோம், ஏற்றியதால் பெட்ரோல் வழிந்தது, ஆறியதும் உண்மையைக் காட்டியதைப் பார்த்து ஒருவரையொருவர் திருடன் என்றோம். இதை இருவரும் சேர்ந்து, ஆளுக்குப் பாதியாகக் கண்டுபிடித்தார்கள். ஆதலால் இதில் யாருக்கும் தோல்வி இல்லை.

சோதித்துப் பார்க்க இஞ்சினைச் சூடாக்க வேண்டும். இருவருக்கும் கேஜைப் பார்க்க வேண்டும். ஆகவே ஆக்சிலேட்டரை அழுத்த ஒரு கால் தேவைப்பட்டது. "சின்னவளே, போய் உக்காரு" என்றார் அண்ணன். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று வீட்டுக்காரர் விளக்க ஆரம்பித்தார். அவள் அதற்குள் அழுத்திவிட்டாள். வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தாள். இத்தனை வாரமாக அந்தக் காரைச் சுற்றி நடந்தவள், உள்ளே அந்த இடத்தில் உட்கார்ந்தது அன்றுதான். சலவை வேனைப் போல இல்லை. காலைக் கொஞ்சம் அசைத்தால் போதும், வண்டி முழுவதும் கேட்டது.

முன்னால் முள் ஒன்றரைக்கு இறங்கியதும் வீட்டுக்காரர் நகத்தால் ரப்பர் அடைப்பை நெம்பினார். புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. முள் துள்ளி மூன்றில் போய் உட்கார்ந்தது. மச்சானும் மாப்பிள்ளையும் அதை மூடி மூடித் திறந்து, குழந்தைகள் மாதிரி பலமுறை பார்த்தார்கள். பிறகு அண்ணன் திருகு நகராதபடி லாக் நட்டை இறுக்கினார். இறுக்கம் போதுமா என்று மாப்பிள்ளையைக் கேட்டார். போதும் என்றார் மாப்பிள்ளை.

அங்கேயே தீர்ப்பும் சொன்னார்கள். ஜன்னல் பக்கம் வந்து அண்ணன்தான் சொன்னார். கேஜ் பொய் சொன்னது சரி, அது ஜடம், ஆனால் கூடப்பிறந்தவள் எண்ணில் பொய் சொல்வது தப்பு. அவள் சொன்ன மூன்றுதான் கடைசியில் உண்மையாக இருந்தது என்றாலும், அது உண்மை என்று தெரியாமல் சொன்னதால் அதுவும் பொய்தான். வீட்டுக்காரர் அதை ஆமோதித்தார். ஆகவே அவளுக்குத் தண்டனை.

"இனிமே உன்கிட்ட ஒண்ணும் சொல்லியனுப்ப மாட்டோம்" என்றார் அண்ணன். "எங்களுக்குள்ள நாங்களே பேசிக்கறோம்."

சின்னவள் முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டாள். சரி என்றாள்.

பானெட்டை மூடிவிட்டு இருவரும் ரப்பர் அடைப்பை நிரந்தரமாக எடுத்துவிடலாமா, ஊசித் துளை மட்டும் போட்டால் போதுமா என்று பேசிக்கொண்டே நடந்து வந்து, பேச்சு சுவாரசியத்தில் இருவரும் பின் கதவுகளைத் திறந்து, பின்னாலேயே உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்த பிறகுதான் முன்னால் ஸ்டியரிங் இருக்கிறதே என்று தோன்றியிருக்க வேண்டும். ஆனால் இறங்கி மாறி உட்காருவதற்குள் ஊசித் துளை எத்தனை அகலம் என்கிற கேள்வி வந்துவிட்டது. சின்னவள் கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். யாரும் இறங்கவில்லை. கியரைப் போட்டாள்.

இறக்கத்தில் கார் சொன்னபடி கேட்டது. பின்னால் பேசாமல் விட்ட நாட்களுக்கும் சேர்த்துப் பேச்சு நடந்தது. மாப்பிள்ளை மச்சானை வெட்டிப் பேசினார், மச்சான் மாப்பிள்ளையை வெட்டிப் பேசினார், ஒருவர் முடிப்பதற்குள் ஒருவர் தொடங்கினார். கடைத்தெருவுக்குள் நுழைந்து அவள் ஆக்சிலேட்டரைச் சற்றே அழுத்தியபோது, ஒரே ஒரு இடத்தில், பாதி அழுத்தத்துக்கும் முக்காலுக்கும் நடுவில், இஞ்சின் கண்ணிமைக்கும் நேரம் தயங்கியது. விக்கல் மாதிரி ஒன்று. அப்புறம் சரியாகிவிட்டது. அவள் காலைத் தளர்த்தி, மறுபடி அதே இடம்வரை அழுத்திப் பார்த்தாள். மறுபடி அதே விக்கல்.

பின்னால் இருந்தவர்கள் பேச்சு மும்முரத்தில் கவனிக்கவில்லை. ஒரு நிமிஷம் வாயை மூடியிருந்தால் இருவர் காதிலும் விழுந்திருக்கும். சின்னவள் கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்தாள், பிறகு ரோட்டைப் பார்த்தாள். ஆக்சிலேட்டரில் அந்த இடம் வரும்போதெல்லாம் காலைக் கொஞ்சம் வேகமாகக் கடத்திக்கொண்டு, வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.